பல் பிரஷ்ஷுக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும்

இப்போதெல்லாம் கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும் அதன்மேல் ஒரு பச்சை இலை படம் போட்டிருக்கிறார்கள். சோப்பு, ஷாம்பு எல்லாம் போய், பல் துலக்கும் பிரஷ்ஷுக்கும் அந்த இலை வந்துவிட்டது. "தாவரத்திலிருந்து செய்தது", "பயோ பிளாஸ்டிக்", "பூமிக்கு நண்பன்" என்றெல்லாம் அட்டையில் எழுதியிருக்கிறது. சாதாரண பிரஷ் முப்பது ரூபாய் என்றால் இலை போட்ட பிரஷ் நூற்றைம்பது ரூபாய். போன மாதம் என் மருமகள் இப்படி நான்கு பிரஷ் வாங்கி வந்து, "மாமா, இது மண்ணோடு மண்ணாகிவிடுமாம்" என்று ஒன்றை என்னிடம் நீட்டினாள். பென்ஷன்காரன் புத்தி, அதிகமாகக் கொடுத்த நூற்றிருபது ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அந்தப் படிப்பில் விளைந்ததுதான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் பராமரிப்புக்குத் தாவரப் பிளாஸ்டிக் வருவது நல்லது. ஆனால் இன்று அதை விற்கிறவர்கள் அது எங்கே பிறந்தது என்பதை மட்டும் சொல்கிறார்கள். அது எங்கே, எப்படிச் சாகும் என்று சொல்வதில்லை. இரண்டையும் சொன்னால்தான் நம்பலாம்.

இப்படி நான் பேசுவதற்குக் காரணம் என் உத்தியோகம். பல வருடங்கள் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். புதுச்சேரியில் பழைய ஆட்கள் அதை இன்றும் "எத்தா சிவில்" என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களின் முறையில் ஓர் அழகு உண்டு. ஒருவர் இறந்துவிட்டால் இறப்பு ஏட்டில் எழுதுவதோடு நிறுத்த மாட்டார்கள். அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்திலும் அதைக் குறித்து வைப்பார்கள். பக்கத்தைத் திருப்பினால் ஆரம்பமும் முடிவும் ஒரே இடத்தில் தெரியும். ஓரத்தில் குறிப்பு இல்லாவிட்டால், 1890ல் பிறந்த மனிதரும் காகிதத்தில் உயிரோடுதான் இருப்பார். நம் வீட்டுப் பிளாஸ்டிக் சாமான்களும் அப்படித்தான். பிறந்ததற்குப் பதிவு இருக்கிறது, செத்ததற்குப் பதிவே இல்லை.

ஆலையும் வேலையும் பற்றிய பழமொழி நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பாட்டி கடைசிவரை வேப்பங்குச்சி. அப்பாவுக்குப் பல்பொடியும் ஆள்காட்டி விரலும். எனக்குத்தான் பள்ளியில் சேர்ந்த பிறகு பிரஷ் வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் "ப்ரோஸ் ஆ தான்" என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கினேன். பாட்டியின் குச்சி அன்றே முருங்கை மரத்தடியில் விழுந்து, அடுத்த மழையில் மக்கிப்போனது. என் முதல் பிரஷ் இன்றைக்கும் எங்கோ ஒரு மண்ணுக்குள் முழுசாகக் கிடக்கும்.

உடனே எல்லோரும் குச்சிக்குத் திரும்புங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஊரில் உள்ள வேப்பமரம் எல்லாம் ஒரே மாதத்தில் மொட்டையாகிவிடும். அதோடு நம் வயதில் ஈறு இருக்கிற நிலைமைக்குக் குச்சியைக் கடிப்பதும் நல்லதல்ல. பிரஷ் வந்ததால் பல் பிழைத்தது என்பதை மறுக்க முடியாது. 1938ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் நைலான் இழை போட்ட பிரஷ் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னால் பன்றி முடிதான். அது மக்கும், ஆனால் ஈரம் காயாமல் கிருமி சேரும். நம் ஊரில் பாதி வீடுகளில் அதை வாசற்படி தாண்டி உள்ளே விடவும் மாட்டார்கள். நைலான் வந்தது நல்லதுக்குத்தான்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு பிரஷ்ஷில் பல பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கைப்பிடி பாலிப்ரோப்பிலீன். கை வழுக்காமலிருக்க அதன்மேல் ரப்பர் போன்ற இன்னொரு பிளாஸ்டிக். தலையில் நைலான் இழை. அந்த இழைக் கொத்தைக் குழிக்குள் பிடித்து நிறுத்த ஒரு சின்ன உலோகத் துண்டு. நான்கையும் பிரிக்க யாராலும் முடியாது. எங்கள் தெருவுக்கு வரும் பழைய சாமான்காரரிடம் ஒருநாள் ஏழெட்டுப் பழைய பிரஷ்ஷைக் கொடுத்துப் பார்த்தேன்.

"ஐயா, இது வேலைக்கு ஆகாது. பக்கெட்டு, குடம், பால் கேன் இருந்தா கொடுங்க" என்றார்.

"ஏம்பா, இதுவும் பிளாஸ்டிக்தானே?"

"கலப்புங்க. கலப்பை எவனும் எடுக்க மாட்டான்."

பெரிய பெரிய அறிக்கைகளில் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். ஒரே பொருளால் செய்த சாமானுக்கு மறுபிறவி உண்டு. கலப்புக்குக் குரும்பாபேட் குப்பைக் கிடங்குதான் கதி.

ஒரு சின்னக் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி நம் புதுச்சேரி மாநிலத்தில் சுமார் 12.5 லட்சம் பேர். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு பிரஷ் மாற்றச் சொல்கிறார்கள் பல் மருத்துவர்கள். நாம் அத்தனை ஒழுங்கானவர்கள் அல்ல, ஆண்டுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். பிரஷ் ஒன்றுக்கு 15 கிராம் என்றால் வருடத்துக்கு 37 டன்னுக்கு மேல் வருகிறது. இத்தனை சின்ன மாநிலத்துக்கு, வெறும் பல் பிரஷ் மட்டும்!

இப்போது இலை போட்ட பிரஷ்ஷுக்கு வருவோம். "பயோ" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று அர்த்தங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். பிரெஞ்சில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. "பியோசூர்சே" என்றால் உயிர்ப்பொருளிலிருந்து எடுத்தது. அது பிறப்பைச் சொல்கிறது. "பியோதெகிரதாபிள்" என்றால் நுண்ணுயிர்கள் தின்று மக்கச் செய்யக்கூடியது. "கோம்போஸ்தாபிள்" என்றால் எருக்குழியில் எருவாகக்கூடியது. இவை இரண்டும் இறப்பைச் சொல்கின்றன. ஒன்றைச் சொன்னால் மற்றதும் சொன்னதாக ஆகாது.

இதற்கு ஆமணக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. சின்ன வயதில் மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து நமக்கு ஊற்றினார்களே விளக்கெண்ணெய், அதிலிருந்து நைலான் செய்யலாம்! பிரான்சில் 1940களிலேயே இதைச் செய்துவிட்டார்கள். நைலான் 11 என்று பெயர், ரில்சான் என்ற பெயரில் விற்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் ஆமணக்கு விளைவது இந்தியாவில்தான், அதிலும் பெரும்பங்கு குஜராத்தில். இன்று ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த நைலான் இழைகள் போட்ட பல் பிரஷ்கள் கிடைக்கின்றன. இவற்றில் சில வகைகளில் ஒரு பகுதிதான் ஆமணக்கு, மீதி பெட்ரோலியம். பிறப்பு நல்ல குடும்பம்தான். ஆனால் அந்த இழையை மண்ணில் புதைத்தால் மக்குமா? மக்காது. செடியிலிருந்து பிறந்தாலும் நைலான் நைலான்தான். என் மருமகள் வாங்கிய பிரஷ்ஷின் அட்டையில் இழை "ஆமணக்கு" என்று பெரிய எழுத்தில் இருந்தது. மக்குமா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மூங்கில் பிரஷ்ஷும் இதே கதை. கைப்பிடி மூங்கில், இழை பெரும்பாலும் நைலான். குறடு வைத்து இழையைப் பிடுங்கிவிட்டு மூங்கிலை மட்டும் மண்ணில் போட வேண்டும். நம்மில் எத்தனை பேர் காலை ஆறு மணிக்குக் குறடும் கையுமாக உட்காருவோம்?

அடுத்தது பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். மக்காச்சோளம், கரும்பு இவற்றின் சர்க்கரையைப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. தயிர் புளிப்பதும் அதே அமிலத்தால்தான். இது மக்கும் என்பது உண்மை. ஆனால் கிட்டத்தட்ட 60 டிகிரி சூடும் ஈரமும் விடாமல் இருக்கும் பெரிய எருத் தொழிற்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். வீட்டுத் தோட்டத்து மண்ணிலும் கடல் தண்ணீரிலும் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். தவறிப்போய்த் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கோடு கலந்துவிட்டால் அந்த மறுசுழற்சியையும் கெடுக்கும். அப்படிப்பட்ட எருக்கூடம் இல்லாத ஊரில் "மக்கும்" என்று அச்சடித்து விற்பது, காவிரியில் தண்ணீர் வந்தால் கடனை அடைக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது போலத்தான்.

இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் 2020 பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி ஒரு பொருளின் மேலோ அட்டையின் மேலோ "பியோதெகிரதாபிள்" என்றோ "சுற்றுச்சூழலை மதிப்பது" என்றோ அச்சடிக்கவே கூடாது. தொழிற்கூடத்தில் மட்டும் எருவாகக்கூடிய பிளாஸ்டிக்கின் மேல் "கோம்போஸ்தாபிள்" என்ற சொல்லைப் போடவும் அனுமதி இல்லை. நம் நாட்டு விதிகளிலும் மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் "தாவரத்திலிருந்து" என்று எழுதி இலை படம் போட்டால், வாங்குகிறவர் மற்றதையும் தானே சேர்த்துப் படித்துக்கொள்கிறார். அந்த ஓட்டை இன்னும் சரியாக அடைபடவில்லை.

நம்பிக்கை தரும் ஒரு சரக்கும் இருக்கிறது. 1926ல் பஸ்தேர் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த மொரீஸ் லெமோய்ன் என்ற விஞ்ஞானி, ஒருவகை பாக்டீரியா தன் உடம்புக்குள் ஒரு பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைப்பதைக் கண்டுபிடித்தார். நாம் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்ப்பது போல அது பிளாஸ்டிக்கைச் சேர்க்கிறது, பட்டினி வந்தால் எடுத்துத் தின்கிறது. பி.எச்.ஏ. என்ற குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பிளாஸ்டிக்குகள் சாதாரண மண்ணிலும் கடல் நீரிலும்கூட மக்கக்கூடியவை, ஏனென்றால் இவற்றைத் தின்னத் தெரிந்த நுண்ணுயிர்கள் எங்கும் இருக்கின்றன. செய்யச் செலவு அதிகம் என்பதால் நூறு வருடமாகியும் கடைத்தெருவுக்கு அவ்வளவாக வரவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் போடுவதென்றால் இதில் போட வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் பல் டாக்டரம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். என் பேத்தி வயதுதான் இருக்கும், பொறுமையாகப் பதில் சொல்கிற பெண். "தாத்தா, உங்க பல்செட் வாயில இருக்கும்போதே மக்க ஆரம்பிச்சா பரவாயில்லையா?" என்று திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. வாய் என்பது எப்போதும் ஈரம், எப்போதும் 37 டிகிரி, கோடிக்கணக்கில் கிருமி, நடுவில் கொதிக்கிற காபி. மக்குவதற்கு இதைவிட வசதியான இடம் ஏது! அதனால் பல்செட், பல் அடைப்பு போன்ற பல வருடம் இருக்க வேண்டியவற்றுக்கு உறுதியான பொருளே வேண்டும். 1870களில் அமெரிக்காவில் செல்லுலாய்டில் பல்செட் செய்து பார்த்தார்கள். அது பஞ்சின் செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த ஒரு தாவரப் பிளாஸ்டிக்தான். போகப்போகக் கோணி, நிறம் மாறி, வாயெல்லாம் கற்பூர வாடை அடித்ததாம். 1930களில் அக்ரிலிக் வந்த பிறகுதான் பல்செட்டுக்கு விடிவு. என் கீழ்வரிசையும் அக்ரிலிக்தான். பல வருடம் உழைக்கும் அந்தச் சின்னப் பொருளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தாவரப் பொருள் பல் மருத்துவத்துக்குப் புதிதல்ல என்பதையும் அந்தப் பெண்தான் சொன்னாள். பல் அளவு எடுக்கக் குழைத்து வாயில் வைக்கிறார்களே ஒரு மாவு, அது கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றுபோனபோது அதற்கு மாற்றாக வந்தது. வேர் சிகிச்சை செய்து பல்லின் வேருக்குள் அடைக்கிற கட்டா பெர்ச்சா, மலாய் தேசத்து மரத்தின் பால். பல் பிடுங்கிய இடத்தில் போடுகிற, தானே கரைகிற தையல் நூல் பி.எல்.ஏ.வுக்கு நெருங்கிய உறவு. புண் ஆறும்வரை பிடித்து நின்று, பிறகு உடம்பிலேயே கரைந்து போகிறது. அதற்கு ஆயுள் எவ்வளவு, சாவு எப்படி என்பதை முன்கூட்டியே தீர்மானித்துச் செய்திருக்கிறார்கள். பிரஷ் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இந்த அக்கறையைத்தான்.

மருத்துவமனையில் ஐந்து நிமிடம் பயன்படுத்தி எறிகிற தம்ளர், எச்சில் உறிஞ்சும் குழாய் இவற்றை மக்கும் பிளாஸ்டிக்கில் செய்யலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி இரத்தம் பட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பைக்குள் போய், கிருமி நீக்கி, நொறுக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போக வேண்டும். எருக்குழிக்குப் போகவே போகாது. அப்படியிருக்க மக்கும் குழாய்க்கு ஏன் அதிக விலை? அங்கே வேண்டியது எளிதாக உருக்கி மறுபடி வார்க்கக்கூடிய ஒரே வகைப் பிளாஸ்டிக். தம்ளருக்கோ எவர்சில்வர் போதும், கருவிகளோடு சேர்த்து அதையும் கொதிநீராவியில் வைத்து எடுத்தால் ஆயிற்று.

ஆக, "பயோ" என்ற முத்திரையை எல்லாவற்றிலும் குத்துவதால் பயனில்லை. வாயில் பல வருடம் இருக்க வேண்டியது உறுதியாக இருக்கட்டும். மருத்துவமனையில் எறிவது ஒரே வகையாக இருந்து மறுசுழற்சிக்குப் போகட்டும். நாம் வீட்டில் மூன்று மாதத்தில் தூக்கி எறியும் பிரஷ்ஷுக்குத்தான் உண்மையிலேயே மண்ணில் மக்கும் பொருள் தேவை. அது வரும்வரை கைப்பிடியை வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றும் பிரஷ் நல்லது. 2020ல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், பேட்டரி பிரஷ்ஷால்தான் சுற்றுச்சூழலுக்கு அதிகக் கேடு என்றும், தலை மாற்றும் பிரஷ்ஷும் மூங்கில் பிரஷ்ஷும் அதைவிட எவ்வளவோ தேவலை என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்குப் பேஸ்ட் குழாயைக் காட்டுகிறேன். அலுமினியத் தகடும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய கலப்பாக இருந்தது அது. 2019ல் கோல்கேட் நிறுவனம் பால் கேன் செய்கிற அதே வகைப் பிளாஸ்டிக்கில் முழுக் குழாயையும் செய்து காட்டியது. மனமிருந்தால் கலப்பை ஒற்றையாக்க முடிகிறது.

நம் ஊரில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தினமும் எத்தனையோ பேர் வந்து போகிற இடம். அங்கே ஒரு பெட்டி வைத்துப் பழைய பிரஷ்களைச் சேர்த்தால், ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடப்பது மூட்டையாகும். மூட்டையானால் பிரிப்பதற்கும் ஒருவர் வருவார். பிரிப்பது கஷ்டம் என்று தெரிந்தால் செய்கிற கம்பெனியும் யோசிக்கும். நம் பழைய சங்கத்தின் சார்பில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் காலை நடையில் காந்தி சிலை அருகே என்னைப் பார்க்கலாம். மனு எழுதுவது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த தொழில்.

அதுவரை, இலை போட்ட பிரஷ்ஷை வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எதிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது, சரி. தேய்ந்துபோனதும் இதை எங்கே போடணும் தம்பி?" அவருக்குப் பதில் தெரியாது. பத்துப் பேர் கேட்டால் அவர் சரக்குப் போடுகிறவரிடம் கேட்பார். அவர் கம்பெனியிடம் கேட்பார். கேட்கிறவர்கள் இல்லாததால்தான் ஓரத்துக் குறிப்பு இத்தனை நாளும் காலியாக இருக்கிறது.